சாராள் குடித்த தண்ணீர்

தேனி பஜாரில் வளையல் கடை வைத்திருக்கும் சாராள் மதுரையில் மகளோடு குடியிருக்கிறாள். காலை ரயிலில் வந்து, சாயங்கால வண்டியில் திரும்புவாள். இரண்டு வருடமாக இதே பாடு. இந்த இரண்டு வருடத்தில் அவள் பகலில் குடித்த தண்ணீரை இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியால் அளந்துவிடலாம்.

காரணம், அவள் ஏறும் கடைசிப் பெட்டியின் கழிப்பறைக் கதவு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு துளைகள்தான் இருந்தன. ஆண்டிபட்டி தாண்டி வண்டி வளையும்போது கதவு தானாகத் திறந்து, உள்ளே இருப்பவரை மொத்தப் பெட்டிக்கும் அறிமுகம் செய்துவைத்துவிட்டுத்தான் மூடும். மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரி டூட்டிக்கு அதே பெட்டியில் போகும் கோம்பைக்காரி பவுனு, ஒருநாள் தன் நாயை அந்தக் கதவுக்குக் காவலாகக் கட்டிப் பார்த்தாள். நல்ல சாதி நாய். ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. மதுரை வரும்வரை பவுனுவை வெளியேயும் விடவில்லை. அன்றைக்கு நாயும் கூடவே டூட்டிக்குப் போனதில், ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பயந்து ஒரு நோயாளியும் கத்தவில்லை என்கிறார்கள்.

போன மாதம் சாராளுக்குச் சிறுநீரகத்தில் கல். டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பார்த்து, தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் அடுத்து அந்தச் சிறுநீரகமே மிஞ்சாது என்றார். பஸ்ஸில் போகலாமே என்றாள் மகள். பஸ்ஸில் தாழ்ப்பாள் தேடும் கவலையே இல்லை, கழிப்பறையே கிடையாது என்றாள் சாராள். ரயில்வே புகார் எண்ணுக்கு மூன்று முறை எழுதினாள். 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று மூன்று முறையும் பதில் வந்தது. துளைகள் அப்படியே இருந்தன.

மூன்றாவது பதில் வந்த அன்றைக்குச் சாயங்காலம் தேனியில் வண்டி கிளம்பியதும், டிக்கெட் பரிசோதகர் பேச்சிமுத்து அவளிடம் வந்து நின்றார். சாராள் சீசன் டிக்கெட்டைக் காட்டினாள். பிறகு லிட்டர் பாட்டிலைத் திறந்து, அவர் கண்ணெதிரே, மூச்சு விடாமல் முழுசும் குடித்தாள்.

"தம்பி, குடிச்சாச்சு. உசிலம்பட்டி வரைக்கும் தாங்காது. வந்து கதவப் பிடிங்க."

அவர் கூச்சத்தோடு, அது தன் வேலை இல்லை என்றார்.

"சரி. சரி பண்ணிட்டோம்னு மூணு தடவ எழுதியிருக்காக. அந்தத் தாப்பா எங்கன இருக்குன்னு காட்டுங்க, நானே போட்டுக்கிறேன்."

பேச்சிமுத்து போய்த் துளைகளை எண்ணிப் பார்த்தார். நான்குதான். வேறு வழியில்லாமல், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கதவைப் பிடித்தார்.

சாராள் வெளியே வந்ததும் பவுனு நின்றாள். "அண்ணே, நானும் குடிச்சிட்டேன். நாயவிட நீங்க தேவல."

அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை. செய்தி பரவி, இதே போலத் தாழ்ப்பாள் இல்லாத முன்பெட்டிகளில் இருந்தவர்களும் பாட்டிலோடு வந்து சேர்ந்தார்கள். மதுரை வரும்வரை பேச்சிமுத்து அங்கிருந்து நகரவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அன்று கால் நீட்டிப் படுத்து வந்தார்கள். அந்தப் பாதையில் ஒரே நாளில் அவ்வளவு தண்ணீர் மலையிலிருந்துகூட இறங்கியதில்லை.

மறுநாள் அவர் கடைசிப் பெட்டிப் பக்கமே வரவில்லை. சாராள் ஆண்டிபட்டியில் இறங்கி, முதல் பெட்டியில் ஏறி, அவர் முன்னால் நின்று பாட்டில் மூடியைத் திருகினாள். அவர் கைகூப்பிவிட்டு எழுந்து வந்தார்.

மூன்றாம் நாள், கையில் ஒரு புதுத் தாழ்ப்பாளும் திருப்புளியும் வைத்துக்கொண்டு வந்தார். மேலே சொல்லி வாங்கினாரா, கடையில் சொந்தமாக வாங்கினாரா என்று யாரும் கேட்கவில்லை. நான்கு திருகாணியையும் இறுக்கிவிட்டு, சரியா என்று பார்க்கச் சொன்னார். சாராள் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தாள். பவுனுவை வெளியிலிருந்து இழுக்கச் சொன்னாள். அசையவில்லை.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. திருப்புளிய பைக்குள்ள வைக்காதீக. அடுத்த பெட்டியிலயும் பொம்பளையாளுக இருக்காக."