அகலமாகிக்கொண்டே போன வாய்

நூற்றுப் பத்து டிகிரி. சிவப்பு விளக்கு எரிந்தது. குந்தவை வண்டியை ஓரங்கட்டி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"நாப்பது நிமிஷம். நேத்தைவிட பத்து நிமிஷம் கம்மி," என்றான் முபாரக், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

தஞ்சாவூரில் இன்ஜினீயரிங் முடித்த இருவரும் ஒன்றரை வருடமாகக் கட்டிய புரோட்டோடைப் கார் அது. சனிக்கிழமை கோவையில் ஆறு மணி நேரப் பந்தயம். இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடிய பதிவை இன்று மாலை ஆறுக்குள் அனுப்பாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது. இப்போதே மணி மூன்று.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இன்னும் திறக்காத பைபாஸில்தான் சோதனை. சாலையின் ஒரு பாதியில் சம்பா நெல் காய்ந்தது. மறுபாதி இவர்களுக்கு.

"ரேடியேட்டருக்குக் காத்து பத்தலை. முன்வாயை இன்னும் அகலமா வெட்டிடவா?" என்றான் முபாரக்.

"மூணு தடவை வெட்டியாச்சுடா! வெட்ட வெட்ட சூடுதான் ஏறுது."

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த ஈஸ்வரி கிட்டே வந்தாள். சொந்தமாக அறுவடை மெஷின் வைத்து ஓட்டுபவள்.

"ஏம்மா, ரேடியேட்டரை ஊதினீங்களா?"

"அது புது ரேடியேட்டர்க்கா."

"புதுசுன்னா பதர் கூச்சப்பட்டுக்கிட்டு வெளியவே நின்னுடுமா?"

இருவரும் ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்கள். முப்பது திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினால், ரேடியேட்டரையே காணோம். பதரும் தூசும் மெத்தை போட்டிருந்தன.

"இவ்வளவு பெரிய வாய் வச்சா, ரோட்டுல கிடக்குறதையெல்லாம் சாப்பிடத்தான் செய்யும்!"

சொல்லிவிட்டு ஈஸ்வரி தன் மெஷினிலிருந்து ப்ளோயரும் ஒரு கம்பி வலையும் கொண்டுவந்தாள். ஊதினார்கள். வெட்டிய இடங்களை முபாரக்கே தகடு வைத்து மூடினான். மிச்ச வாயில் வலையைக் கட்டினார்கள்.

மூன்று ஐம்பதுக்கு வண்டி கிளம்பியது. முதல் மணி நேரத்தில் தொண்ணூற்றாறு டிகிரி. முபாரக் நகத்தைக் கடித்தான். பிறகு தொண்ணூற்று மூன்று. அதற்குமேல் ஏறவே இல்லை. வாய் சின்னதானதும் வேகமும் கூடியிருந்தது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, இரண்டு மணி நேரத்தை முடித்து வண்டி நின்றது. ஐந்து ஐம்பத்தாறுக்குப் பதிவு கோவைக்குப் போய்ச் சேர்ந்தது. குந்தவை கத்திய கத்தலில் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"அக்கா, உங்களுக்கு நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க!"

ஈஸ்வரி சாலையோர நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"வண்டி போன காத்துல பதர் பூரா பறந்து நெல்லு சுத்தமாக் கெடக்கு. பந்தயம் முடிஞ்சு வாங்க, நன்னிலத்துல எனக்கு இன்னும் நாலு ஏக்கர் நெல்லு தூத்த வேண்டியிருக்கு!"