ஆற்றில் மைனஸ் விஷம்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கணக்கக்கா. ஆற்றைக் கணினியில் முக்கோணம் முக்கோணமாக வெட்டி, அதில் கலந்தது எங்கே, எப்போது, எவ்வளவு போய்ச் சேரும் என்று சொல்வது அவள் வேலை. மற்றவர்கள் ஒவ்வொரு முக்கோணத்திலும் நேர்கோடு போட்டு ஒப்பேற்றுவார்கள். இவளுக்கு ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாகப் பிடிக்கிற நாலாம் படி வளைவு வேண்டும். அப்படியொரு பிடிவாதக்காரி.

அன்று விடியலில் ஆற்றின் மேல்பக்கம் சாயக்கழிவுத் தொட்டி உடைந்தது. ஊருக்குக் குடிநீர் எடுக்கும் மதகு அவள் தம்பியின் பொறுப்பு. "மூடணுமாக்கா?" என்று போனில் கேட்டான்.

கணக்கை ஓட்டினாள். சாயம் வருகிற முனைக்குச் சற்று முன்னால் அளவு பூஜ்யத்துக்கும் கீழே போய்க் குழி விழுந்திருந்தது. எட்டிப் பார்த்த மேலாளர் சிரித்துவிட்டார். "ஆத்துல மைனஸ் விஷமாம்மா? இதை வெளிய காட்டிடாதீங்க!"

அவளுக்கு மானம் போனது. கணக்கில் சாயம் தண்ணீரில் கரைந்து பரவும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாள். குழி மறைந்து படம் வழவழவென்று ஆனது. மதகருகே சாயத்தின் உச்ச அளவு மூன்று; ஐந்து வரை ஆபத்தில்லை. "மூட வேண்டாம்டா" என்றாள்.

மதியம் சாப்பாட்டை மறந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன அழகு! கண் சொக்கியது. நாற்காலி மெல்ல மிதந்தது. முக்கோணங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து வழிவிட, அவளும் தண்ணீரோடு தண்ணீராகப் போனாள். கரையோர மரங்கள் ஓட்டமாய் ஓடின. பக்கத்திலேயே சாயம், நீலமாக, ஆற அமர இரு கரைக்கும் விரிந்துகொண்டிருந்தது. நான் இந்த ஓட்டம் ஓடுகிறேன், இதற்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு நேரம் கிடைத்தது என்று தூக்கத்திலேயே கேட்டாள். தூக்கிவாரிப் போட்டது. சாயத்தை விரித்தது ஆறு அல்ல, அவள்.

கூட்டியதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். குழிகள் திரும்பி வந்தன. உச்சம் ஒன்பது. மூன்று மணிக்கு மதகை எட்டும். மணி இரண்டரை. மதகு இறங்கவே இருபது நிமிடம் ஆகும்.

"மூடுடா, உடனே!"

"விளையாடுறியாக்கா? உன் பேச்சை நம்பி, பயமில்லை குடிங்கன்னு ஊருக்கே சொல்லிட்டேன். இதாவது சரியா?"

"இதுலயும் தப்பு இருக்கு. ஆனா முனைகிட்ட கொஞ்சதூரம்தான், எங்கன்னு எனக்குத் தெரியும். காலைல அதை ஆறு முழுக்கப் பூசி மறைச்சுட்டேன். மூடு!"

மூன்றேகாலுக்குத் தம்பி கூப்பிட்டான். மதகுக்கு வெளியே எடுத்த தண்ணீரில் எட்டே முக்கால். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. அவள் வசவுக்குக் காத்திருந்தாள்.

"வாசல்ல கூட்டம் நிக்குதுக்கா. ஏன் மாத்திச் சொன்னேன்னு கேக்குறாங்க. மெஷின் தப்பாச் சொல்லிடுச்சுன்னு சொல்லிடறேன்."

அவள் அழ ஆரம்பித்திருந்தாள். "மெஷின் காலைலயே சரியாத்தான்டா சொல்லுச்சு. வெக்கப்பட்டது நான். அப்படியே சொல்லு."