மழைக்குத் தட்டியது

மாமனாரின் பிடியிலிருந்து எவர்சில்வர் டம்ளரை ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் மருமகள் எடுக்க வேண்டியிருந்தது. உயிர் போயும் அவர் கையில் இன்னும் சூடு இருந்தது. முன்னறையில் அவள் கணவன் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“கடைசியா எதுக்காவது கூப்பிட்டாரா அண்ணி?” மூக்கைத் துடைத்தபடி நாத்தனார் கேட்டாள்.

“இல்லம்மா.”

பொய். கூப்பிட்டார்.

நாற்பது வருடம் வீடுகளின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர். வானத்தைப் பார்க்காமலே மழையைச் சொல்வார். வாதம் வந்து பேச்சும் காலும் போன பிறகு டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவார். தண்ணீருக்கும் அதே தட்டு, மூத்திரத்துக்கும் அதே தட்டு, மழைக்கும் அதே தட்டு. இந்தக் கோடை மழை வேறு வெட்கமில்லாமல் தினமும் பெய்தது. மழைக்கென்றால் அவள் மாடிக்கு ஓட வேண்டும், கொடியில் அவருடைய விரிப்புகள் காயும். நாளுக்கு நாலு விரிப்பு. துவைத்துத் துவைத்து விரலெல்லாம் வெளுத்துவிட்டது. அவர் தட்டி ஒரு மணி நேரத்துக்குள் மழை வந்துவிடும். மனுஷன் கணக்கு அப்படி.

இன்று பதினொரு மணிக்குத் தட்டினார். ஜன்னலில் சுளீரென்று வெயில். அடுப்படியில் நின்றபடியே கத்தினாள்.

“வெயில் மண்டையப் பிளக்குது, மழையாம் மழை! என் காலு என்ன இரும்பா? கொஞ்ச நேரம் சும்மா இருங்க மாமா!”

இன்னும் இரண்டு தட்டு. பிறகு இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு போனபோது அவர் போயிருந்தார்.

மூச்சுத் திணறித்தான் கூப்பிட்டாரோ? பாவி, எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? டம்ளரைக் கழுவப் போனவள் ஜன்னலருகே நின்றுவிட்டாள். யாரிடம் கேட்பது இதை?

ஜன்னல் வழியே மண்வாசனை வந்தது. அடுத்த நொடி சடசடவென்று பிடித்துக்கொண்டது.

“அண்ணி, மாடில துணி!”

பழகிய கால்கள் ஓடின. அவள் போய்ச் சேர்வதற்குள் நாலு விரிப்பும் தொப்பலாகிவிட்டன. கணவன் குடையோடு பின்னாலேயே வந்தான்.

“ஏங்க, மாமா காலைல தட்டினாரு. நான் போகல. மழைக்குத்தான் தட்டியிருப்பாரு, இல்ல?”

அவன் வானத்தைப் பார்த்தான்.

“பின்ன வேற எதுக்கு? அவருக்கு என்னைக்குத் தப்பியிருக்கு? சரி சரி, எடு, நனையுது பாரு.”

“நனையட்டுங்க.”

அவன் நீட்டிய குடைக்குள் அவள் வரவில்லை. கழுவ எடுத்த டம்ளர் இன்னும் கையிலேயே இருந்தது. மழை அதில் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.