பாதியில் விட்ட குடைமிளகாய்

1

இந்தக் கதை எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தது. இலக்கியம் பிறக்க இதைவிட நல்ல இடங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு வாய்த்தது இதுதான். மந்தைவெளியில் எங்கள் கட்டடச் சங்கம் ஒரு காலையில் அறிவித்தது: "மொட்டை மாடியில் பலன் தராத செடிகளுக்கு இனி இடமில்லை." ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். அதில் பாதிப் பேர் மாடிப்பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலன் தராததையெல்லாம் வெளியேற்றுவதென்றால் முதலில் காலி செய்ய வேண்டியவன் கதை எழுதுகிற நான்தான். ஆகவே அவசரமாக ஒரு தோட்டக்காரரைக் கற்பனை செய்தேன்.

2

முதல் தொடக்கம்: "கதிரவன் எழுந்தான். ஷாஹுல் ஹமீதின் குடைமிளகாய்ச் செடி சிலிர்த்தது." (வேண்டாம். மந்தைவெளிக் கோடையில் எந்தச் செடியும் சிலிர்க்காது.)

இரண்டாவது: "தேனாம்பேட்டையில் நெடுங்காலம் சீரிய பணியாற்றிய ஷாஹுல் ஹமீது அவர்கள்" (இது பொன்னாடை போர்த்தும் மேடைக்கு எழுதியது. அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஷாஹுல் ஹமீது தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் அடுத்தவர் எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டுப் போட்டு ஓய்வு பெற்றவர். அதன்பிறகு வீட்டில் அவரிடம் பேசப்பட்ட ஒரே வாக்கியம், "காலைத் தூக்குங்க, பெருக்கணும்." ஒருநாள் மனைவி ஜமீலுன்னிசா குருமாவுக்கு நறுக்கிய குடைமிளகாயின் விதைகளைக் குப்பையில் தட்டப் போனார். இவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மொட்டை மாடியில் மூன்று பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பிப் போட்டார். விதை முளைத்தது. மாடியில் தனக்காக ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே அவரை விடியற்காலையில் எழுப்பிவிட்டது. மனுஷர் சந்தோஷமாக இருந்தார்.

3

ஒரு தப்பு நடந்துவிட்டது. குளிர்காலத்தைக் கணக்குப் பண்ணிப் போட வேண்டிய விதையை அவர் மாசியில் போட்டிருந்தார். பழகாத கை.

யூடியூபில் ஒருவர் மோர் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் என்றார். மூன்றாமவர் மீனையும் வெல்லத்தையும் சேர்த்துப் புளிக்க வைக்கச் சொன்னார். யார் மனதையும் புண்படுத்த விரும்பாத ஷாஹுல் ஹமீது மூன்றையும் ஊற்றினார். மீன் கரைசலைத் திறந்த அன்று சாக்கடை அடைத்துக்கொண்டதென்று கட்டடமே ஆளைக் கூப்பிட்டது.*

* சாக்கடை உண்மையிலேயே அடைத்துத்தான் இருந்தது. அது வேறு கதை.

செடிகள் பூத்தன. ஆனால் குடைமிளகாய் காய்க்க இரவில் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும். சென்னை வைகாசியில் அது மனிதருக்கே கிடைப்பதில்லை. முதல் பையில் பூக்கள் உதிர்ந்தன. இரண்டாவது பையிலும் உதிர்ந்தன. மூன்றாவது பையில், கீழ்க்கிளையில், இலைக்கடியில் ஒரு பூ மட்டும்

(இந்த வாக்கியம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

4

சங்கச் செயலாளர் சுப்புராயனை வில்லனாக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பைகளுக்கு நேர் கீழே அவருடைய படுக்கையறை. செடிக்கு ஊற்றிய தண்ணீர் கூரையில் ஊறிக் கறையாகியிருந்தது. அவர் பக்கமும் நியாயம் இருந்து தொலைத்தது.

"இன்னா பாய், காய் கீதா?"

"பூ விட்டிருக்கு சார்."

"பூ வேணும்னா நான் கோயிலாண்ட வாங்கிக்கினு வருவேனே. ஞாயித்துக்கிழமை மீட்டிங் மாடியிலதான். ஒரே ஒரு காய் காட்டுங்க, பை இருந்துட்டுப் போவட்டும். இல்லாங்காட்டி நானே கீழ எறக்கிடுவேன்."

அன்று ஷாஹுல் ஹமீது சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"ஒரு மிளகாய்க்குப் போயி யாராவது பட்டினி கெடப்பாங்களா?" என்றார் ஜமீலுன்னிசா.

"மிளகாய் இல்ல ஜமீலா. அதையும் எடுத்துட்டா, காலையில எந்திரிச்சு நான் எங்க போறது?"

ஜமீலுன்னிசா அவர் தட்டை மூடி வைத்தார். (எனக்கும் அன்று பசிக்கவில்லை.)

5

இங்கே எனக்கொரு சபலம் தட்டியது. 'ஞாயிறு காலை செடியில் ஒரு காய் தொங்கியது' என்று எழுத எனக்கென்ன செலவு? எழுதிவிட்டேன்.

ஞாயிறு காலை செடியில் ஒரு காய் தொங்கியது. கொழுகொழுவென்று, சிவப்பாக. ஷாஹுல் ஹமீதுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். காம்பில் பச்சைத் தையல்நூல் சுற்றியிருந்தது. அந்த முடிச்சை அவருக்குத் தெரியும். அவருடைய சட்டைப் பொத்தான்களெல்லாம் அதே முடிச்சில்தான் நிற்கின்றன.

"பச்சையா வாங்கினா இலையோட இலையாப் போயிடும். செயலாளர் கண்ணுக்குத் தெரிய வேணாமா?" என்றார் பின்னாலேயே ஏறி வந்த ஜமீலுன்னிசா. "அதான் மாடவீதி பூரா அலைஞ்சு சிவப்பா வாங்கினேன்."

"பூவுலேர்ந்து ஒரே ராத்திரியில பழுக்குமா ஜமீலா?"

"அவங்களுக்கு எங்க தெரியப் போவுது!"

அவர் நூலால் கட்டினார், நான் ஒரு வரியால் கட்டினேன். அவர் கட்டியதில் அன்பாவது இருந்தது.

6

சங்கத்தார் மேலே வந்தார்கள். சுப்புராயன் வாயைப் பிளந்தார். "அடடே, ரெட்டு! பறிங்க பாய், கையில வாங்கிப் பாக்கறேன்."

முடிவு அ: பறிக்கிறார், நூல் யார் கண்ணிலும் படவில்லை, கைதட்டல். (பிறகு ஆயுள் முழுக்க ஜமீலுன்னிசா மாடவீதிக்கு நடக்க வேண்டும்.)

முடிவு ஆ: நூல் தெரிந்துவிடுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். (எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு இ: திடீரென்று மழை

நான் இப்படிக் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே ஷாஹுல் ஹமீது என்னைக் கேட்காமல் முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

"இது கடைக்காய் சார். நான் மனசு ஒடிஞ்சு போயிடுவேன்னு எங்க வீட்ல கட்டி வச்சது. என் செடியில காய் வரல."

யாரோ சிரித்தார்கள். சுப்புராயன் சிரிக்கவில்லை. ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல். முதல் பையைத் தூக்கிப் படிக்கட்டில் வைத்தார். இரண்டாவதையும் வைத்தார். மூன்றாவதற்குக் குனிந்து பாதி தூக்கியவர் அப்படியே நின்றார்.

"பாய், இங்க வா. இது இன்னா?"

கீழ்க்கிளையில், இலைக்கடியில், மிளகு அளவில் பச்சையாக ஒன்று.

சத்தியமாக நான் எழுதவில்லை. பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். உதிர்ந்தன என்று நான் முடித்த பூக்களெல்லாம் உதிர்ந்திருந்தன. வாக்கியம் முடியாத அந்த ஒரு பூ உதிரவில்லை.

"இத்த காயின்னு சொல்றதா, இல்லியா?" சுப்புராயன் சங்கத்தாரைப் பார்த்தார். சங்கத்தார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஷாஹுல் ஹமீது அந்த மிளகை மட்டும் பார்த்தார். பை தரையிலும் இல்லை, படிக்கட்டிலும் இல்லை.

என்ன ஆயிற்று என்று நான் சொல்லப் போவதில்லை. நான் முடித்ததெல்லாம் என்ன கதியானது என்று நீங்களே பார்த்தீர்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போனால், அந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடாதீர்கள். நாளைக் காலை எழுந்து போக ஷாஹுல் ஹமீதுக்கு வேறு இடமில்லை.