அடிச்சட்டத்தில் நல்லெண்ணெய்

1

இந்தக் கதை இரண்டு கைகளில் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஒரு பெண்ணின் கைகள் முழங்கைவரை சிவந்திருந்தன. மருதாணி என்று நினைத்து மனத்துக்குள் ஒரு கல்யாணக் கதையே கட்டிவிட்டேன். கிட்டப் போனால் பெயின்ட் வாடை. கல்யாணம் கலைந்தது, கைகள் மட்டும் தங்கிவிட்டன.

முதல் வரி: "1934. மழைக்கு முந்திய மாலையில் தங்கமணியின் கண்கள்..."

(வேண்டாம். அவள் கண்கள் ஒரு காருக்கு அடியில் இருந்தன.)

2

தங்கமணியின் கணவன் பக்கிரிசாமி, கிள்ளானுக்கு அப்பால் துறைமுகம்வரை வாடகை கார் ஓட்டுபவன். உப்புக்காற்று காரின் அடிச்சட்டத்தைத் தின்றுகொண்டிருந்தது. வரும் செவ்வாய்க்கிழமை சோதனை அதிகாரி சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். துரு உதிர்ந்தால் லைசென்ஸ் கிடையாது. பிறகு இருவரும் பழையபடி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வேண்டியதுதான். அங்கே திரும்புவதில்லை என்று தாலி ஏறிய அன்றே தங்கமணி முடிவு செய்திருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ரயில் கட்டைகள்மேல் காரை ஏற்றி, இருவரும் மல்லாந்து படுத்து மூன்று நாள் கம்பி பிரஷால் சுரண்டினார்கள். வெள்ளிக்கிழமை இரும்பு வெளுத்தது. துரு தடுக்கும் சிவப்புப் பூச்சு வாங்க அவன் கடைக்குப் போனான். தேய்த்த இரும்பைச் சும்மா விடலாமா? தோசைக்கல்லுக்குச் செய்வதையே அவள் இதற்கும் செய்தாள்: துணியில் நல்லெண்ணெய் தொட்டு, சட்டம் முழுக்கத் தடவினாள். திரும்பி வந்தவன் அந்தப் பளபளப்பை வேலைச் சுத்தம் என்றெண்ணி, அதன்மேலேயே பெயின்ட் அடித்தான்.

ஞாயிறு காலை, அவன் நகம் பட்ட இடத்தில் பூச்சு வாழைப்பட்டைபோல உரிந்து வந்தது.

3

(இங்கே என் பழைய பழக்கம் தலைகாட்டியது. நல்ல மெக்கானிக் ஒருவரை அனுப்பிக் காப்பாற்றினேன், பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். பக்கிரிசாமியைக் கத்தவைத்தேன். அதுவும் பொருந்தவில்லை. அவள் கண்ணில் விழுந்த துருவை ஊதி எடுத்தவன் அவன்.)

அவள் எண்ணெய் தடவியதை ஒளிக்காமல் சொன்னாள். அவன் உரிந்த பூச்சை விரலில் சுருட்டினான்.

"நல்லவேள, வெங்காயத்த வெட்டித் தேய்க்கல."

"கேலி அப்பறம் பண்ணுங்க. பெட்ரோல் இருக்கா?"

"நாளு இல்ல, தங்கமணி. ரெண்டு பூச்சும் காயணும்லா."

"எங்கெங்க தடவுனேன்னு எனக்குத்தான் தெரியும். நீங்க துணியக் கிழிச்சுக் குடுங்க, போதும்."

மறுபடி சுரண்டல். துணியில் பிசுக்கு வருவது நிற்கும்வரை பெட்ரோலால் துடைத்தாள். அன்று மாலையே சிவப்பு. திங்கள் மதியம் அதன்மேல் கறுப்பு. நடுவே பசி, முதுகுவலி, ஒரு... (பத்திரிகை ஆசிரியர் கண்டிப்பானவர், விட்டுவிடுகிறேன்.)

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பூச்சு பிடித்தது. ஒன்றில் ஏதோ ஒரு மூலையில் எண்ணெய் மிச்சமிருந்தது. ஒன்றில் மழை வந்தது. அந்தக் காரின் அடியில் ஒருநாளும் படுக்காத நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

செவ்வாய் காலை. அதிகாரி குனிகிறார். தங்கமணி முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள்.

சுத்தியலை உங்களிடமே தருகிறேன், வாசகரே. வலுவாகவே தட்டுங்கள், அவள் அப்படித்தான் விரும்புவாள். ஒருவேளை உரிந்தால், ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டாம். எந்த இடம் என்று காட்டினால் போதும்.