பத்தில் எட்டைக் கவிழ்த்தவர்

பல் டாக்டர் பக்கவாட்டில் திரும்பி நின்றால் கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவர் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடத் தொடங்கிய மூன்றாம் வருஷம். அதற்கு முன் அவர் தொண்ணூற்றிரண்டு கிலோ. சனிக்கிழமை மத்தியானங்களில் மருந்துக்கடைக்காரரோடும் ஓய்வுபெற்ற நீதிபதியோடும் ஆடிக்கொண்டிருந்தவர், ஒரு புத்தகம் வாங்கி மூன்று விதிகளை மனப்பாடம் செய்தார். பத்து முறை சீட்டு வந்தால் எட்டு முறை பந்தயம் கட்டாமல் கவிழ்த்துவிடு. எல்லோரும் வாய் திறந்த பிறகு நீ திற. அபூர்வமாக நல்ல சீட்டு வந்தால் மட்டும் துணிந்து பந்தயத்தை ஏற்று. அதன்பின் அவர் தோற்கவே இல்லை. ஜெயித்ததாகவும் யாருக்கும் ஞாபகமில்லை. "வாழ்க்கைக்கே இதுதான்யா சூத்திரம்" என்று, வாயில் பஞ்சு அடைத்திருந்ததால் மறுத்துப் பேச முடியாத நோயாளிகளுக்கெல்லாம் விளக்கினார்.

சூத்திரம் வீட்டுக்கும் வந்தது. மகளின் பள்ளி நாடகம், மனைவியின் பிறந்தநாள், கோபித்துக்கொண்ட மச்சானைப் போய்ச் சமாதானம் செய்வது என எல்லாமே சுமாரான சீட்டு, கவிழ்த்தார். கவிழ்த்த ஒவ்வொரு தடவையும் அவர் உடம்பில் ஒரு தாளின் கனம் குறைந்தது. வலி ஒன்றுமில்லை. தையல்காரர் முதலில் சட்டையைப் பிடித்துத் தைத்தார், பிறகு முதுகுத் துணியே வேண்டாம் என்றார். நீதிபதி இதற்கு முன்னுதாரணம் இல்லை என்று தீர்ப்புபோலச் சொல்லிவிட்டுச் சீட்டைக் கலைத்தார்.

மனைவிக்கு வேறு ஊரில் தலைமையாசிரியை வேலை வந்தது.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்ல, நானும் வர்றேன்னாவது சொல்லுங்க. நாளைக்குப் பதில் எழுதணும்."

வாழ்நாளின் மிக நல்ல சீட்டு இதுதான் என்று டாக்டருக்குத் தெரிந்தது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"முதல்ல நீ உன் முடிவைச் சொல்லு."

"சொல்லிட்டேங்க. இனி நீங்கதான்."

மகளும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். மகள் அவரைப் பார்த்து, "அப்பா, உங்களுக்குப் பின்னால இருக்கற ஜன்னல் தெரியுது" என்றாள்.

அவர்கள் கிளம்பிய காலையில் டாக்டர் கூடத்தில் பக்கவாட்டில் நின்றிருந்தார். ஆளில்லை என்று நினைத்து மனைவி கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். கதவடி இடுக்கு வழியாக அவர் வெளியே வந்து, "போகாதீங்கம்மா, ரெண்டு பேரும்" என்றபோது கார் தெருமுனை திரும்பியிருந்தது. பத்து மணிக்கு நோயாளி வருவார் என்பதால் கிளினிக்கைத் திறந்தார்.

கடைவாய்ப் பல்லுக்கு அவர் விரல்தான் லாயக்கு, எந்த இடுக்கிலும் நுழையும் என்று பேர் பரவி, பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். மகளுக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது, அங்கேயே யாரிடமோ காட்டிக்கொண்டாள் என்று கேள்வி.