துறையூர் ஜோசியர் சொன்ன தண்ணி

என் அண்ணன் பிரவீன்ராஜுக்குத் தண்ணியில் கண்டம் என்று அவன் பிறந்தபோதே துறையூர் ஜோசியர் சொல்லிவிட்டார். காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம் ஓடுகிற ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, அம்மா அவனை ஆற்றில் கால்கூட நனைக்க விடவில்லை. ஸ்கூலில் முக்கொம்பு அணைக்குக் கூட்டிப்போகிற அன்று அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். மாடித் தொட்டிக்குப் பூட்டு. மழைத் தண்ணீர் தெருவில் தேங்கினால் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு தாண்டுவார். மீசை முளைத்த பிறகும் ஒரு தடவை தூக்கினார்.

ஆடிப்பெருக்கன்று ஊரே காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் இருக்கும். அம்மாவும் தாம்பாளத்தில் காதோலை, கருகமணி, பழமெல்லாம் எடுத்துக்கொண்டு போவாள், பிள்ளையை விட்டுவிடு தாயே என்று காவிரியிடம் கேட்க. அன்றைக்கு அவன் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. அந்தக் காவல் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. சிநேகிதர்கள் கனமான பைகளோடு வந்து மாடியேறுவார்கள். ஆற்றிலிருந்து திரும்பும் அம்மா, ஈரப்புடவையைக்கூட மாற்றாமல், நல்ல நாளும் அதுவுமாக அவர்களுக்கு முட்டை பொரித்துக் கொடுப்பாள்.

“வீட்டுக்குள்ளதானே இருக்கான். ஆத்துக்கா போனான்?” என்பாள்.

மறுநாள் மாடியைக் கழுவுவது என் வேலை. எச்சிலில் ஊறிய சிகரெட் துண்டுகள், காய்ந்து தரையோடு ஒட்டிய வாந்தி. தேய்க்கத் தேய்க்கப் புளித்த வாடை மேலே வரும். பினாயில் ஊற்றினால் இரண்டும் கலந்து இன்னும் குமட்டும். பாட்டில்களை அம்மா அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டுவாள். அந்தக் கையாலேயே பூஜை அறை விளக்கைத் துடைப்பாள்.

இந்த வருஷமும் அப்படித்தான். மத்தியானத்திலிருந்து குடித்தவன், சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தான். சிகரெட் தீர்ந்துவிட்டதாம். பெருக்குப் பூஜை முடிந்துவிட்ட தைரியத்தில் அம்மா ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீயும் பின்னாடி ஏறிக்கடி. ஆத்துப் பக்கம் வண்டியத் திருப்பிடாமப் பாத்துக்க.”

“அம்மா, அவன் குடிச்சிருக்கான்.”

“அதெல்லாம் ஓட்டுவான். நீ ஆத்தைப் பாரு.”

பெட்டிக்கடை அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கிறது. அது ஆற்றுக்குப் போகிற ரோடு. அதனால் அவன், அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை, பக்கத்துச் சந்துக்குள் வண்டியை விட்டான். அங்கே பூக்கார வள்ளிக்கண்ணு கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சும்மாட்டை உதறிக்கொண்டிருந்தாள். சுவரோடு ஒட்டித்தான் நின்றாள். அதற்குமேல் ஒதுங்க இடமில்லை. வண்டி அவள் காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது.

வண்டியோடு சாய்ந்த அண்ணன் எழுந்ததும் முதலில் அதன் ஹெட்லைட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு சிதறிக் கிடந்த மல்லிகையின் மேல் வாந்தி எடுத்தான்.

மறுநாள் காலையில் அம்மா ஜோசியருக்குப் போன் போட்டாள். அழுதாள்தான். ஆனால் குரலில் ஒரு பெருமையும் இருந்தது.

“நீங்க சொன்னது அப்படியே பலிச்சிடுச்சுங்க. நீங்க தண்ணின்னுதான் சொன்னீங்க. நாங்கதான் ஆறுன்னு நெனச்சிட்டோம்.” அவர் என்னமோ சொல்ல, அம்மா முகம் மலர்ந்தது. “என்னங்க, புள்ளைக்குக் கண்டம் கழிஞ்சிடுச்சாம்!”

அப்பா இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அண்ணன் இட்லி தின்றுகொண்டிருந்தான். “என் ஜாதகம் அப்படி. நான் என்ன பண்றது?” என்றான். கடைவாயில் சட்னி வழிந்தது. எனக்கு அவன் பக்கத்தில் தட்டை வைக்கப் பிடிக்கவில்லை.

பெரியாஸ்பத்திரிக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வண்டியில் பின்னால் இருந்தவள் நான்தான் என்பது போலீசுக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் எனக்குப் பாடம் நடந்தது. “பூக்காரம்மா குறுக்க வந்துட்டாங்க. அவ்வளவுதான் சொல்லணும். உன் அண்ணன் ஜெயிலுக்குப் போகணுமா?”

வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அம்மா கட்டிலோரம் ஆப்பிள் பையை வைத்தாள்.

“உங்களுக்கும் நேரம் சரியில்ல, எங்களுக்கும் நேரம் சரியில்ல. அவனுக்குத் தண்ணியில கண்டம்னு பொறந்தப்பவே எழுதி வச்சிருக்கு. நம்ம கையில என்னம்மா இருக்கு?”

“உங்க பையன் கையில வண்டி இருந்துச்சேம்மா” என்றாள் வள்ளிக்கண்ணு.

அம்மா ஆப்பிள் பையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

“கண்டம் உங்க பையனுக்கு. கால் போனது எனக்கு. எழுதுனவரு கைதவறி என் கட்டத்துல எழுதிட்டாராக்கும்?”

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். அம்மா என்னைப் பார்த்து, “என்ன வாய் பாரு” என்று முணுமுணுத்தாள். கால் போனவளின் வாய்தான் அவளுக்குக் குறையாகத் தெரிந்தது.

அப்போது ஏட்டு வந்தார். “வண்டில பின்னாடி இருந்தது யாரு?”

அம்மா என்னை முன்னால் தள்ளினாள். “இவதாங்க சார். பத்தாவதுகூட முடிக்காதவ, சரியாப் பேச வராது. நானே சொல்றேன். அவனுக்குத் தண்ணியில கண்டங்க...”

“தண்ணியிலயா? அந்தச் சந்துல ஏதும்மா தண்ணி?”

வார்டில் பினாயில் வாடை அடித்தது. எங்கள் மாடியின் அதே வாடை.

“பாட்டில்ல இருந்துச்சு சார்” என்றேன்.

அம்மாவின் விரல்கள் என் இடுப்பைக் கிள்ளின.

“மத்தியானத்திலேருந்து குடிச்சான். இவங்க சுவரோரமாத்தான் நின்னாங்க. குறுக்க வரல. அவன் குடிச்சிருக்கான்னு சொன்னேன், கேக்காம சாவிய எடுத்துக் குடுத்தாங்க.”

“விதி!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “இதுவும் என் வயித்துல வந்து பொறந்துச்சே, என் விதி!”

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலை நிமிரவில்லை. “சாவியக் குடுத்தது யாரு? பேரு சொல்லும்மா.”

விதி என்று அவர் எழுதிக்கொள்ள மாட்டார் என்று தெரிந்தது.

“அழகம்மாள்” என்றேன். “எங்கம்மா.”